அணைந்த பாய்லரும் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டும்

உலகம் சூடாகிறது என்று நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். என் மனைவி கலா மட்டும் உட்கார்ந்து சிரிப்பாள். தப்பு அவர்கள் மேல் இல்லை. வேலம்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் என் மானத்தை நானே மூட்டை கட்டித் தலையில் சுமந்தவன் நான்.

அங்கே சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம். (அலுவலர் என்பது மாமனார் வீட்டில் சொன்னது. பட்டறையில் எனக்கு ‘ஃபைல் தம்பி’ என்று பெயர்.) மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பாய்லர் புகையை அளந்து பார்த்துத்தான் தருவார்கள். தராவிட்டால் கரண்டைத் துண்டிப்பார்கள். நாற்பது பேருக்கு வேலை போகும், என்னையும் சேர்த்து. போதாக்குறைக்கு, எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியும் கார்பன் கணக்குக் கேட்டுக் கடிதம் போட்டிருந்தது.

"எங்கள் பாய்லரில் துணிக்கழிவு எரிப்பதில்லை" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். பாய்லர் ஓட்டுகிற மாரப்பண்ணன், பனியன் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டை விறகோடு அவ்வப்போது வாரிப் போடுவார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ("அது பத்தற மாதிரி வெறகு பத்துமா கண்ணு?") அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த லட்சணத்தில், பனிக்கரடி படம் போட்டுத் தொழிலாளர்களுக்கு வகுப்பு வேறு எடுத்திருந்தேன்.

ஆய்வு நாள். முதலாளி வருவதற்கு முன்பே போய்விட்டேன். பயம் முற்றினால் புத்தி தெளியும் என்பார்கள். எனக்குக் கலங்கியது.

"அண்ணா, பாய்லர அமத்தீருங்க."

"ஏங் கண்ணு?"

"பொகையே வரலீன்னா யாரும் கொறை சொல்ல முடியாதில்லீங்க."

மாரப்பண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலெழுத்துப் படித்தவன் சொல்கிறானே என்று நெருப்பை இழுத்து அணைத்துவிட்டார்.

பத்து மணிக்கு வாரியத்துப் பொறியாளர் அம்மா, குழாயும் பெட்டியுமாக இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினார். சிம்னியை அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வானம். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாய்லர் ஓடலீங்களா?"

"இல்லீங்க மேடம். பொகையே இல்லீங்க."

"பொகை இல்லாத பாய்லர்ல நான் எதைங்க அளக்கறது? ஓடறப்ப அளக்கோணும், அதுதான் சட்டம். ஒரு மணி நேரம் இருக்கேன். ஓட்டுனீங்கன்னா அளக்கறேன். இல்லீன்னா ஒத்துழைக்கலைன்னு எழுதீட்டுப் போறேன்."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த முதலாளி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆறிப்போன பாய்லர் அத்தனை சீக்கிரம் சூடேறாது என்று மாரப்பண்ணன் காதோரம் சொன்னார். அவர் மறுபடி பற்ற வைத்த விறகும் நமத்துப்போய்ச் சரியாகப் பிடிக்கவில்லை. உடனே என் கண்ணில் அந்த நாற்பது பேரும் சோற்றுப் போசியோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அடுத்து நடந்ததை என் கை கால்கள்தான் செய்தன, நான் செய்யவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறேன். மூலையில் கிடந்த மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பாய்லர் வாயில் கொட்டினேன்.

மாரப்பண்ணன் வேண்டாமென்று கண்ணால் ஜாடை காட்டியிருந்தார். எனக்கு எங்கே தெரிந்தது?

சிம்னி கன்னங்கரேலென்று கக்கியது. பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

"அது என்னங்க மூட்டை?" என்றார் அந்த அம்மா, நிதானமாக.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "கட்டிங் வேஸ்ட்டுங்க" என்று உண்மை விழுந்துவிட்டது.

அவர் ஃபைலைப் புரட்டி என் உறுதிமொழியை எடுத்தார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க." (என் தலையில் அப்போது மஞ்சள் பனியன் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம்.)

அந்த அம்மா புகையை அளந்து எழுதிக்கொண்டு போனார். வாரியத்திலிருந்து உத்தரவு வரும்வரை நான் செத்துப் பிழைத்தேன். ஒரு வழியாக வந்தது. அனுமதி மூன்று மாதத்துக்கு மட்டும். அதற்குள் சிம்னிக்குத் தூசு வடிகட்டி மாட்ட வேண்டும். கட்டிங் வேஸ்ட் முழுவதும் மறுபடி நூலாக்குகிற மில்லுக்குப் போக வேண்டும். மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "உன்னைய நிறுத்தீரலாம்னு இருந்தேன் கண்ணு. இப்ப நிறுத்தோணும்னா வாரியத்துக்கு எழுதிக் கேக்கோணுமாட்ட இருக்குது."

நாற்பது பேருக்கும் வேலை நிலைத்தது, எனக்கும்தான். அந்த அம்மா இப்போதும் ஆய்வுக்கு வருவார். புகையை அளப்பதற்கு முன் என் தலையைப் பார்ப்பார்.

வீட்டுக்கு விருந்தாளி வருவதாகப் போன் வந்தால் போதும், கலா சமையலறையிலிருந்து பவ்யமாகக் கேட்பாள்: "ஏனுங்க, அடுப்ப அமத்தீரட்டுங்களா?"