றோமாபுரி அண்ணையின் ராணி

இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய ஒரு பெண்ணுக்காகத் தினமும் சண்டை பிடிக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் றோமாபுரி அண்ணை. மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில், நானும் அவரும் ஒரே மரக்கறிக் கடையில் வேலை செய்தோம். அவருடைய சொந்தப் பெயரை முதலாளியே மறந்துவிட்டார்.

ஜூலை முதலாம் தேதி அந்த நகரத்தில் பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத சாமான் எல்லாம் தெருவோரம் கிடக்கும். மற்றவர்கள் கட்டில், கதிரை பொறுக்க, அண்ணை ஒரு தடித்த புத்தகத்தைப் பொறுக்கினார். பழைய ரோமானியக் காவியம், பிரெஞ்சில். அகராதியை வைத்துக்கொண்டு அதிலேயே பிரெஞ்சும் படித்தார். வாள், சாபம், துரோகம் எல்லாம் தண்ணிபட்ட பாடு. வெங்காயம் மட்டும் வராது. விலை குறைக்கச் சொன்ன ஒரு கிழவியிடம் அவர் ஏதோ சொல்ல, அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"என்னண்ணை சொன்னனீங்கள்?"

"'விதி எங்களைப் பிரிக்குது, அம்மணி' எண்டு மரியாதையாத்தான் சொன்னனான்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கு அந்தக் கதை அவர் சொல்லித்தான் தெரியும். ஊர் எரிந்து, கப்பலில் அகதியாக வந்தவனுக்கு ஒரு ராணி இடம் கொடுக்கிறாள், சோறு கொடுக்கிறாள், மனதையும் கொடுக்கிறாள். அவனோ தனக்கொரு நாடு காத்திருக்கிறதென்று சத்தமில்லாமல் புறப்பட ஆயத்தம் செய்கிறான். அவள் சிதை அடுக்கி உயிரை விடுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அண்ணை மறுபடி முதல் பக்கத்துக்குப் போவார்.

"மிச்சம் படிக்கேல்லையோ?"

"அவளை எரிய விட்டிட்டுப் போனவன்ரை மிச்சக் கதை எனக்கென்னத்துக்கு?"

அப்போதுதான் எனக்கு டொராண்டோவில் வேலை கிடைத்தது. சந்தைக்குப் பக்கத்துப் பகுதியான வில்லரேயில் வதனி இருந்தாள். இரண்டு வருடப் பழக்கம். அவள் அழுதால் என்ன செய்வது என்று யோசித்தே மூன்று நாளைக் கடத்தினேன். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டு, போய் இறங்கி ஃபோன் எடுப்பது என்று முடிவு செய்தேன். அதை அண்ணையிடம் உளறியும் விட்டேன்.

தக்காளிப் பெட்டி அவர் கையிலிருந்து விழுந்தது.

"எட கப்பல்காரா!"

சந்தையே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதேங்கோ அண்ணை. பேந்து சொல்லுவன்தானே!"

"அவனும் பேந்து சொல்லத்தான் இருந்தவன்! நட இப்ப!"

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், என் கொலரைப் பிடித்தபடி வில்லரே வரை நடத்திக்கொண்டு போனார். வதனி கதவைத் திறந்ததும் என்னை முந்திக்கொண்டு, "பிள்ளை, நெருப்புப்பெட்டி இருந்தா முதல்லை இஞ்சை தா" என்றார்.

நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். வதனி அழவில்லை.

"டொராண்டோ என்ன, கடலுக்கு அங்காலையோ? பஸ்ஸிலை ஆறு மணித்தியாலம். சொல்லாமப் போயிருந்தா உன்ரை முகத்திலையும் முழிச்சிருக்கமாட்டன். சொன்னபடியா சனிக்கிழமை நானும் வாறன். வீடு பாப்பம்."

அழுதது அண்ணைதான். வாசற்படியில் குந்தியிருந்து, ஏப்ரனால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

இப்போது நாங்கள் டொராண்டோவில். அண்ணை ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுப்பார். என்னைச் சுகம் விசாரிப்பதில்லை. "பிள்ளை சந்தோஷமா இருக்கிறாளோ?" என்று ஒரே கேள்வி. நானும் ஃபோனை வதனியிடம் நீட்டிவிடுவேன். ஆனால் பத்து மணி தாண்டியும் அது அடிக்காவிட்டால், எனக்குச் சாப்பாடு இறங்காது.