ஊரப்பாக்கத்துக் கம்ப்யூட்டரில் நாக்கை நீட்டியவள்

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைவிட என் வயிற்றுக்குப் பிடிவாதம் அதிகம் என்பதை இருபத்திரண்டாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது செல்போன் வந்துவிட்டது. ஆனால் அதில் பேசுவதையும் பாம்பு விளையாட்டையும் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, நாவலூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டு சுற்றுத் தேர்விலும் தேறியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி இன்டர்வியூ. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருக்கப் போகிறேன்.

அதைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை தோழி மேரியுடன் மாமல்லபுரம் போனேன். (வேலையே இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் கொண்டாட்டம்!) கடற்கரையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், வறுத்த இறால், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, மறுபடியும் இறால். மேரி ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டாள். நான் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஏழு முறை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் அங்கேதான் என் அப்பா இருந்தார். நைனா என்றுதான் கூப்பிடுவேன். புற நோயாளிகள் பிரிவின் வாசலில் இருபது வருஷமாக டோக்கன் கொடுப்பவர். ஒரு வாரமாக டோக்கனோடு சேர்த்து என் இன்டர்வியூ செய்தியையும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நர்ஸம்மாக்கள் நான்கு பேர் சேர்ந்து படுக்க வைத்து டிரிப் ஏற்றிவிடுவார்கள். நைனா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். செவ்வாய்க்கிழமை பத்து மணி அப்படியே போய்விடும்.

மேரி முன்பு ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ‘கம்ப்யூட்டர் மூலம் டாக்டர்’ என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். டாக்டர் சென்னையில் இருப்பார். நாம் கேமரா முன்னால் உட்கார்ந்தால் போதும். ஊரப்பாக்கத்தில் என்னை ஒருவருக்கும் தெரியாது. கிளம்பிவிட்டேன்.

(எலக்ட்ரிக் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அப்போது எனக்கு இருந்த அறிவு.)

பரனூர் வரை தைரியமாக இருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் வேண்டிக்கொண்டேன். மறைமலை நகரில் கால்மேல் கால் போட்டேன். பொத்தேரியில் இறங்கி ஓடி, அடுத்த ரயிலில் ஏறினேன். கூடுவாஞ்சேரியிலும் அதே கதை. அரை மணிப் பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சென்டரை நடத்தியவர் சேகர் அண்ணன். பெயர், முகவரி, வீட்டு போன் நம்பர் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னார். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் ‘கல்வி’ என்று எழுதினேன். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார வைத்து, தவளைக் கண் மாதிரி ஒரு கேமராவை என் பக்கம் திருப்பினார். பிறகு, ஹெட்போன் ரிப்பேர், அதனால் டாக்டர் பேசுவது ஸ்பீக்கரில்தான் வரும், நாமும் கொஞ்சம் சத்தமாகப் பேசவேண்டும் என்றார். அக்கம்பக்கத்துத் தடுப்புகளில் கல்லூரிப் பையன்கள் ஆறேழு பேர் இருந்தார்கள்.

திரையில் நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா வந்தார். ஒரு முறை வாயைத் திறந்தால் மூன்று விநாடி கழித்துக் குரல் வந்தது.

“எத்தனை தடவை போச்சும்மா?”

“ஒன்பது” என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

“காதுல விழலையே.”

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சேகர் அண்ணன் உதவிக்கு வந்தார். “ஒம்போது வாட்டி போய்கீதாம் டாக்டர்.”

ரத்தம் கலந்து வருகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி உண்டா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தலையை ஆட்ட ஆட்ட, சேகர் அண்ணன் அதையெல்லாம் ஊரப்பாக்கம் முழுவதற்கும் மொழிபெயர்த்தார். பக்கத்தில் கீபோர்டு தட்டும் சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது.

பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அந்த நேரம் பார்த்து இணைப்பு உறைந்துபோயிற்று. திரை மூலையில் நாக்கு தொங்கிய என் முகம் அப்படியே நின்றது. பிரின்ட் எடுக்க வந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, பிரின்ட் எடுக்காமலே போனான்.

இணைப்பு திரும்பியதும், உடனே நிற்கிற மாதிரி ஒரு மாத்திரை வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை என் குரல் சத்தமாகவே வந்தது. டாக்டரம்மா மறுத்துவிட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும், ஒன்பது முறை போன பெண் தனியாக ரயிலில் வருவதா என்று திட்டினார். உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும், அதற்குள் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

சேகர் அண்ணன் பக்கத்து மெடிக்கலில் பொடி வாங்கிக் கரைத்துக் கொடுத்தார். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு முறை வழிவிட்டார். நான் இரண்டாவது முறை திரும்பி வந்தபோது ரிஜிஸ்டர் திறந்திருந்தது. சேகர் அண்ணன் எங்கள் வீட்டுக்குப் பேசி முடித்து ரிசீவரைக் கீழே வைத்தார்.

வீட்டில் போனை எடுத்தது அம்மா. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குச் செய்தி போய், ஒரு மணி நேரத்துக்குள் காக்கி யூனிஃபார்மோடு நைனா டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். டாக்டரம்மா திரையில் வந்ததும் பின்னால் நிற்பது யார் என்று கேட்டார்.

நைனா தவளைக் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். “வணக்கம் மேடம். பொண்ணோட ஃபாதர். செங்கல்பட்டு ஓ.பி.ல டோக்கன் குடுக்கறேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்து, இப்போது தெளிவாக இருக்கிறாய், இரண்டு நாள் ஓய்வெடு என்றார். நாளை இன்டர்வியூ, போயே ஆகவேண்டும் என்றேன். டாக்டரம்மா அசையாமல் இருந்தார். மறுபடி உறைந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, யோசித்திருக்கிறார்.

“கரைசலை விடாம குடி. மயக்கம் வந்தாலோ, ரத்தம் வந்தாலோ, யூரின் போறது நின்னாலோ, இன்டர்வியூவாவது ஒண்ணாவது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” பிறகு நைனாவிடம், “கூடவே போங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகுதான் நைனா கேட்டார்.

“ஆஸ்பத்திரியாண்ட வூட்ட வச்சிகினு, பொட்டில தெரியற டாக்டரத் தேடிகினு ஊரப்பாக்கம் போய்கீற. என்னாண்ட ஏன் சொல்லல?”

“சொன்னா படுக்கப் போட்டுடுவ நைனா.”

“போட்டுருப்பேன்தான்” என்றார்.

பிறகு எழுந்து போய் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரைப் பார்த்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக நாவலூர் போகிற சாலையில் எங்கெங்கே கழிப்பறை உண்டு என்று விசாரித்து, டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். மறுநாள் லீவும் போட்டார். டி.வி.எஸ். ஐம்பதில் அவர் முன்னால், கரைசல் பாட்டிலோடு நான் பின்னால். எழுதிய ஐந்து இடங்களில் இரண்டுக்குத்தான் வேலை வந்தது. ஒன்பதரைக்கே கம்பெனி வாசலில் இறங்கிவிட்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். கணக்குக் கேள்விகளைச் சமாளித்துவிட்டேன். பிறகு நடுவில் இருந்த அம்மா ஆங்கிலத்தில், பிரஷர் வந்தால் எப்படி ஹேண்டில் பண்ணுவீர்கள் என்று கேட்டார்.

கேட்ட நேரம் அப்படி. “எக்ஸ்கியூஸ் மீ” என்று எழுந்து ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மூவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பதில் சொன்னேன். இன்னொரு முறையும் ஓடி, இன்னொரு முறையும் திரும்பி வந்தேன். உடம்புக்கு என்ன என்று அந்த அம்மா கேட்டபோது இறாலில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு தேதி கேட்டிருக்கலாமே, கொடுத்திருப்போமே என்றார்.

“கேக்கலாம்னு தெரியாது மேடம்” என்றேன். அது உண்மை. எங்கள் வீட்டில் யாருக்கும், மாற்றிக் கேட்கிற மாதிரி ஒரு தேதியை யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

மூன்று வாரத்தில் வேலைக் கடிதம் வந்தது. அந்த அம்மாவே என் மேலதிகாரி. நாலு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். நான் மீட்டிங்கில் எழுந்தால் வழிவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். அன்றிலிருந்து யார் கழிப்பறைக்குப் போனாலும் ‘பிரஷர் ஹேண்டில் பண்றாங்க’ என்றுதான் பேச்சு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதுதான் நடந்தது. பொண்ணு எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, என் தங்கை யோசிக்காமல், “அக்கா பிரஷர் ஹேண்டில் பண்ணிகினு கீது” என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசியபோது முழுக் கதையையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. கல்யாணமும் நடந்தது. என் மாமியாரிடம் மட்டும் யாரும் விளக்கவில்லை. இத்தனை வருஷமாகியும் என் தட்டுக்கு மட்டும் உப்பைக் குறைத்தே போடுகிறார்.