அல்கோத் ரோஜாவுக்குக் காத்திருந்த படலம்

வாழ்க அல்கோத் ரூனெசன்! வடக்குப் பனிநாட்டு எஸ்கில்ஸ்டூனா நகரின் கதவுக்கீல் கம்பெனியில் கணக்கறை காத்த காவலன், வரிசை எங்கே கண்டாலும் அதன் வாலில் போய் நிற்கும் வணக்கமுடையோன், வண்டியே வாராத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு அடிபணிந்து பனியில் உறைந்து நின்ற பண்பாளன், பொறுமை என்னும் ஒற்றைப் படைக்கலம் ஏந்தித் தலை நரைத்த பெருந்தகை, இன்று தன் கடைசிப் போருக்கு எழுந்தருளுகின்றான். முரசுக்கு வழியில்லாததால் காப்பி இயந்திரம் முழங்குகிறது. கேட்போர் காதைத் திறந்து வாயை மூடிக்கொள்க.

முதற்கண் பொறுமைத்தாயே, உனக்கொரு வணக்கம். உன்னைக் கும்பிடாமல் இந்த நாட்டில் ஒரு ரொட்டி வாங்க முடியாது. நீ கொடுத்ததும் உண்டு, கெடுத்ததும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். வாடகை வீட்டுக்கு இளமையிலே பெயர் பதிந்தவனை வழுக்கை விழும்வரை காக்கவைத்து, முடிவில் ஏரி பார்த்த பால்கனியோடு வீடு தந்தவள் நீ. தொலைபேசியில் வைது தீர்த்த வாடிக்கையாளர்களெல்லாம் இவன் வாய் திறவாமை கண்டு தாமே சோர்ந்து மன்னிப்புக் கேட்டது உன் அருளால். அதே நீதான், சிவ் என்னும் சுருள்முடிக் காரிகையிடம் மனத்தைத் திறக்க நல்ல வேளை வரட்டும், வரட்டும் என்று இவனைக் கோடைக்குக் கோடை தள்ளிப்போட வைத்து, அவள் ஒரு பல்மருத்துவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போன நாளில், திருமண வீட்டு வாசலில் விருந்தினரின் கோட்டுகளை வாங்கி மாட்டும் பணியை இவனுக்கு வாங்கித் தந்தாய். உன்னைத் தாய் என்பதா பேய் என்பதா எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவைக்கிறேன்.

இனிப் போரின் காரணம் கேளீர். வெள்ளிதோறும் பிற்பகலில் கம்பெனியார் அனைவரும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, காப்பியும் கேக்குமாய் வட்டமிட்டு அமர்வது ஃபிக்கா எனப்படும் தவறாச் சடங்கு. அன்றைய மேசைமேல் வீற்றிருந்ததோ இளவரசி கேக்: பச்சைப்பட்டு உடுத்த பாலேட்டுக் குன்று. அதன் ஓரத்தில், பாதாம் மாவும் சர்க்கரையும் பிசைந்து வனைந்த இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று. அந்த ரோஜாவை அல்கோத் பிறந்தது முதல் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. சிறுவயதில் அண்ணன்மார் பறித்தனர். வளர்ந்தபின் நாகரிகம் பறித்தது. இன்று அவன் ஓய்வு பெறும் நாள். கேக்கு அவன் பெயரால் வந்தது, அடுத்த வெள்ளி அவனுக்குக் கேக்கும் இல்லை, மேசையும் இல்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

நம் பழைய மன்னர் ஆநிரை கவர வெட்சி சூடினர், மதில் காக்க நொச்சி சூடினர், நேர்நின்று பொருதத் தும்பை சூடினர், வென்றபின் வாகை சூடினர். அவர்களெல்லாம் பூச்சூடிப் போருக்குப் போனவர்கள். பூவைத் தின்னவே போருக்குப் போனவன் இவன் ஒருவன்.

மேலாளர் பெர்னில்லா கத்தியை இரு கையாலும் ஏந்தி, விழாநாயகனே முதல் துண்டை வெட்டுக என்று பணித்தாள். ரோஜாவோடு சேர்த்து ஒரே வீச்சில் வெட்டி எடுத்திருந்தால் கேட்பார் எவருமில்லை; கதையும் இங்கேயே முடிந்து நாமும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பொறையுடைப் பெருமான் கத்தியை ரோஜாவுக்கு நேரெதிர்க் கோடியில் இறக்கி, பென்சில் பருமனில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கண் தாழ்த்தி அமர்ந்தான். இவன் எப்போதும் இப்படித்தான்.

பின்னர்த் தட்டு வலம் வந்தது, கேக்கு தேய்ந்தது, ரோஜா தாங்கிய கடைசித் துண்டு மட்டும் எஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பவன் இந்த ஊரில் மனிதனில்லை. ஆனால் அதில் பாதியை எடுக்கலாம், அது அடக்கம். எனவே பெர்னில்லா பாதியை அரிந்தாள். கிடங்குக்காரன் தாகெ மிச்சத்தில் பாதியை அரிந்தான். அடுத்தவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. அரிய அரியத் துண்டு வாழைக்காய்ச் சீவலாய் இளைத்ததே ஒழிய, ரோஜாவின்மேல் மட்டும் ஒருவர் கத்தியும் படவில்லை. நாடெல்லாம் இழந்து சிங்காசனத்தை மட்டும் விடாத மன்னனாக அது நின்றது.

நம் நாயகனின் போர்த்தந்திரம் யாதெனில், ஆள் பார்க்கக் கடைசித் துண்டை எடுப்பதுதானே குற்றம். எல்லோரும் எழுந்து போனபின், அறையில் தனித்து நின்று அதை விழுங்கினால் எந்தச் சட்டமும் தொடாது. ஆகவே அவன் காத்தான். ஒரு கோப்பைக் காப்பியை ஊர்வலம்போல் மெல்ல மெல்ல உறிஞ்சிக் காத்தான். ஒருவர் ஒருவராக வந்து கைகுலுக்கி, மீன்பிடிக்கப் போகலாமே, காளான் பறிக்கலாமே என்று ஓய்வுக்கால அறிவுரை வழங்கி விடைபெற்றனர். தாகெ மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“என்னப்பா அல்கோத், அந்தக் கேக்கு குட்டி போடும்னு உக்காந்திருக்கியா?”

நாயகன் புன்னகை ஒன்றைக் கேடயமாய்ப் பிடித்து அந்த அம்பைத் தடுத்தான். தாகெ சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தோ, களம் முற்றும் ஒழியவில்லை. மேசைக்கு அப்பால், பொதிகட்டும் பிரிவின் குன்வோர் அமர்ந்திருந்தாள்: சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியவள், தோளில் துவாலையைக் குறுக்கே சார்த்தியவள், விழி இமையாள். அவள் தட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். ஆகா, இவளும் ரோஜாவுக்குத்தான் காத்திருக்கிறாள் என்று அல்கோத்தின் நெஞ்சு பறையறைந்தது. உடனே அவன் வானிலை என்னும் வாளை உருவி, மழை வருமாம் என்றான். நாளைக்குத்தான் என்று அவள் ஒரே சொல்லில் வெட்டிச் சாய்த்தாள். அவன் இரண்டாங் கோப்பை ஊற்றினான். அவள் விரலால் மேசையில் தாளம் போட்டாள். சன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று வந்து நின்று, ஆளேற்றாமல் போயிற்று. பிறகு இன்னொன்றும் போயிற்று. பாலேடு வியர்த்தது, ரோஜா ஒரு பக்கம் சாய்ந்தது, பொறுமையோடு பொறுமை மோதிய அப்பெரும்போரில் ஓர் அணுவும் அசையவில்லை. இந்த நேரத்தில் வேறு ஊரில் இரண்டு கலியாணம் முடித்திருப்பார்கள்.

முடிவில் குன்வோர் பெருமூச்சு விட்டு வாய் திறந்தாள்.

“அல்கோத், நீங்க அதைச் சாப்பிடப்போறீங்களா இல்லையா? எனக்கு அந்தப் பாதாம் சமாச்சாரமே ஆகாது. இந்த வாரம் பாத்திரம் கழுவுற முறை என்னுது. அந்தத் தட்டு ஒண்ணுதான் பாக்கி. இதோ எடுத்துருவீங்க, இதோ எடுத்துருவீங்கன்னு ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

கோட்டைக் கதவு திறந்தது. பகைவர் இல்லை, அகழி இல்லை, ஆணையிடும் அண்ணன்மாரும் இல்லை. கை நீட்ட வேண்டியது ஒரு சாண். அல்கோத்தின் உள்ளம் எழுந்தது, உடல் சிலிர்த்தது, வயிறு வாழ்த்தொலி எழுப்பியது. ஆனால் வாய்க்குள் கிடந்த நாக்கோ, வாழ்நாளெல்லாம் பழகிய பழக்கத்தில், எசமானனைக் கேளாமலே புரண்டது.

“ஐயோ, எனக்கு வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கு.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளவும் அவனுக்கு நேரமில்லை. இன்னொருமுறை கேட்பாள் என்று காத்தான். கையைப் பிடித்து, ஒரு வாய் தின்னுங்கள் என்று திணிப்பாள் என்று, பொறுமை அத்தனையையும் திரட்டி இறுதியாகக் காத்தான். அவளோ இந்த மண்ணில் பிறந்தவள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்பவள். மறுமுறை கேட்பது அடுத்தவர் வயிற்றுக்குள் கைவிடுவது என்று வளர்ந்தவள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அக்கணம், திசையானைகள் பிளிற மறந்து திகைக்க, விண்ணோர் மலர்க்கூடைகளைக் கவிழ்க்காமலே எடுத்துக்கொண்டு திரும்ப, மேலாரன் ஏரி மூச்சடக்க, குன்வோரின் கைக்கரண்டி தட்டின்மேல் ஒரே இழுப்பாய் இழுக்க, பாரெங்கும் பல்லாயிரம் நாவும் தொட அஞ்சிய அப்பாதாம் ரோஜா, குப்பைக்கென்று வைத்த பழுப்புக் காகிதப் பைக்குள்ளே, காப்பிச் சக்கையின் மீது, முகம் மேல்நோக்கிப் போய் விழுந்தது.

குன்வோர் கழுவித் தந்த தட்டை அல்கோத் துடைத்து வைத்தான்.