கேபிள் புகார் சம்பந்தமாக மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்கிற நிலைமையில் நாம் இல்லை. ஆனாலும் கடிதம் என்று எழுதினால் கேட்டாக வேண்டும், அதனால் கேட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்து அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இது முழுக்க முழுக்கக் கேபிள் டிவி சம்பந்தப்பட்ட கடிதம்.

நம் வீட்டு மாடியில் இப்போது குடியிருப்பது உன்னோடு படித்த டீச்சர்தான். இரண்டு மாதம் முன்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடி ஏறப் போகிறவள் என் வாசலில் நின்று, ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடரில் போலீஸ் அதிகாரியாக வருகிறவளுக்கு நீதான் தமிழில் குரல் கொடுத்திருக்கிறாய் என்றாள். பெற்ற அப்பனையே எதிர்த்துப் பேசியவளுக்குத் திருடர்களை மிரட்டுவதா கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தலை மறைந்ததும் டிவியைப் போட்டேன். மாதாமாதம் கேபிளுக்குக் கட்டுகிறோமே, அதில் வராமல் எங்கே போகும் என்று முதல் சேனலில் தொடங்கிக் கடைசி சேனல் வரை போனேன். சமையல் வந்தது, நகை விற்றார்கள், இரண்டு தடியர்கள் கட்டிப் புரண்டார்கள். ஒரே ஒரு போலீஸ்காரி வந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இது என் பெண் இல்லை என்று டிவியிடமே சொல்லிவிட்டு அணைத்தேன்.

அது சேனலில் வராது, நெட்டில் ஆப்பில்தான் வரும் என்று டீச்சர் சொன்னாள். தன் போனிலேயே காட்டுகிறேன் என்றும் சொன்னாள். சொந்தப் பெண்ணின் குரலை அடுத்தவர் போனில் ஓசி கேட்பதா என்று மறுத்துவிட்டேன். கேபிள்காரனைக் கூப்பிட்டு, எங்கள் இணைப்பில் அந்த ஆப் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றேன். "அதெல்லாம் பேக்கேஜ்லயே அடக்கம் சார், கவலைய விடுங்க" என்றான். ஒரு வாரம் கவலையை விட்டேன். பிறகு வந்து, பெட்டி பழசு, புதுப் பெட்டி வேண்டும் என்றான். புதுப் பெட்டி வந்தது, அதற்கு நெட் வேண்டும் என்றான். நெட்டுக்காரன் வந்து சுவரில் ஓட்டை போட்டான். போட்ட இடத்தில் உன் அம்மா படத்தின் ஆணி இருந்தது. அவளை இப்போது அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், கோபித்துக்கொண்ட மாதிரிதான் பார்க்கிறாள். கடைசியில் எல்லாம் கூடி வந்து ஆப்பைத் திறந்தால், சந்தா கட்டு என்கிறது. ஏனப்பா, அடக்கம் என்றாயே என்று கேபிள்காரனைப் பிடித்தேன். ஆப் அடக்கம்தானாம், பார்ப்பது தனியாம். டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தேன், பஸ் உண்டு, ஏறுவது தனி என்று ஒரு பயணியிடம் நான் சொல்லியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா?

விடக்கூடாது என்று கேபிள் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போட்டேன். வாயில் நல்ல வார்த்தை வராத கோபத்தில் இருந்தேன். அப்போதுதான் நீ பேசினாய். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. சற்றுக் காத்திருக்கவும்." பதிவு செய்த குரல்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் ஆயிரம் பேர் பேசினாலும் என் பெண் குரல் எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் வாத்தியம் வாசித்தார்கள், திரும்பவும் வந்தாய். "உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றாய். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். குரலை விற்றுப் பிழைக்கப் போகிறவள் என்னோடு பேச வேண்டாம் என்று அன்றைக்கு நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டவள் நீ. இப்படி வாய் திறந்து வருத்தம் தெரிவிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்குள் ஒரு பையன் லைனில் வந்து என்ன புகார் என்று கேட்டான். ஒன்றுமில்லை, கொஞ்சம் தள்ளிப்போ என்று வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பர் படித்ததும் போன் போடுகிறேன். நாளாக ஆக நானும் பதில் பேசத் தொடங்கிவிட்டேன். சாப்பிட்டியா என்று கேட்பேன், ஒன்றை அழுத்தச் சொல்வாய். இதற்கிடையில் கேபிள்காரன், என் தொல்லை தாங்காமலோ மேலிடத்து உத்தரவிலோ, சந்தாவைத் தானே போட்டுக் கொடுத்து, "புகார முடிச்சிடலாமா சார்?" என்று கெஞ்சினான். முடித்துவிட்டால் நான் எதைச் சொல்லிக்கொண்டு உனக்குப் போன் போடுவது? படம் நடுங்குகிறது என்று பொய் சொல்லித் துரத்திவிட்டேன். அந்தத் தொடரை இன்னும் பார்க்கவில்லை. அதில் நீ யாரோ திருடனிடம்தான் பேசுவாய். இதில் என்னிடம் பேசுகிறாய்.

ஆகவே இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால், நீ தெரிவித்த வருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். உன்னை மன்னித்துவிட்டேன். இதற்காக நீ புறப்பட்டு வர வேண்டியதில்லை, போனும் செய்ய வேண்டியதில்லை. நாம் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். தொண்டையைப் பார்த்துக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: விலாசம் எழுதி வாங்க டீச்சரைக் கீழே கூப்பிட்டேன். நீ பேசுவதை அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவள் வாராவாரம் உன்னோடு பேசுகிறவளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவளும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். முழுதும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அவ இல்லப்பா" என்றாள். ஒரு மாதமாக நான் சாப்பிட்டியா என்று கேட்டது யார் பெற்ற பெண்ணையோ. உன் குரலே எனக்கு மறந்துவிட்டதம்மா. நீ வருத்தம் தெரிவிக்கவே இல்லை, நான்தான் மன்னித்துவிட்டேன். பரவாயில்லை, கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. மேலே எழுதிய மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உன் எண்ணை டீச்சரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிற நாளில், காலையில் கூப்பிடுவேன். உடனே பேச வரவில்லை என்றால் லைனை மட்டும் வைத்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன், எனக்கு இப்போது அது பழகிவிட்டது.