பேசும் படத்துக்கு நாங்கள் இருவரும் சொன்ன கதை

கொட்டாஞ்சேனை,
1936 ஓகஸ்ட் 12.

அன்பிலும் மதிப்பிலும் குறையாத மச்சான் ஹெக்டர் அவர்களுக்குப் பற்றிக் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உமது அக்காவும் மகள் மெற்றில்டாவும் சுகம். தேயிலைத் தோட்டத்தில் மழை எப்படி, உமது நெஞ்சுச்சளி எப்படி என்று அக்கா கேட்கச் சொன்னா. இரண்டுக்கும் பதில் எழுதவும்.

மெற்றில்டாவின் சம்பந்தம் முற்றாகிவிட்டது. அது என் இங்கிலீஷால் முற்றானது என்பதைப் பிறர் வாயால் நீர் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் றேமண்ட் வெள்ளவத்தையில் இருக்கிறவர், றெயில்வேயில் பென்சன் எடுத்தவர். எல்லாம் பேசி, தேத்தண்ணீரும் குடித்த பிறகு அவர், “என்ர மகன் வெள்ளைக்காரக் கொம்பனியில வேலை. துரைமாரோட பழகிற பெடியன். மாமனாருக்கு இங்கிலீஷ் விளங்காதெண்டால் நாளைக்கு அவனுக்குத்தானே வெட்கம்?” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் எழுதித் தேய்ந்த கை இது. துரை ஒருநாளும் என்னோடு வாய் திறந்து பேசியதில்லை, எல்லாம் துண்டுக் கடதாசிதான், ஆனால் அதை றேமண்டிடம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பேசாத படங்கள் ஓடிய காலத்தில் திரையில் வரும் எழுத்தை நான் வாசித்துத் தமிழில் சொன்னால் நாலு வரிசைச் சனம் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் சொன்னேன். “அப்ப சனிக்கிழமை இங்கிலீஷ் பேசும் படத்துக்குப் போவம். நீர் உம்மட மனுசிக்குக் கதையைச் சொல்லும், நான் என்ர மனுசிக்குச் சொல்லுறன். மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்றார். மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்துவிட்டது. சம்மதித்தேன்.

சனிக்கிழமை இரண்டு சோடியும் போனோம், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் மெற்றில்டா இருந்தாள். படம் தொடங்கியது மச்சான், ஒரு எழுத்துக்கூட இல்லை. லண்டன்காரர் வாயைத் திறக்காமலே பேசுகிறார்கள், சொல்லில் பாதியை விழுங்கி மீதியை மூக்கால் விடுகிறார்கள், பிறகு ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் வந்தான், அவன் சுடு கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசினான். எனக்கு விளங்கியது ‘குட் மோர்னிங்’ ஒன்றுதான், அதுவும் அவன் தொப்பியைக் கழற்றியதால். ஆனால் நான் தளரவில்லை. கட்டிலில் ஒரு கிழவர், பக்கத்தில் ஒரு இளம்பெண். தகப்பன் சாகக் கிடக்கிறார், மகளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று தொடங்கினேன். கிழவர் தலையாட்டும்போதெல்லாம் ஒரு சீதனப் பேச்சை வைத்தேன். உமது அக்கா விம்மி விம்மி அழுதா. மேலே பல்கனியில் இருந்த வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஏனப்பா அவையள் சிரிக்கினம்?” என்று கேட்டா. “அவையளுக்குத் துக்கம் வந்தால் அப்பிடித்தான்” என்றேன். அக்கா அவர்களுக்காகவும் சேர்த்து அழுதா.

இடைவேளையில் சோடா குடிக்கும்போதுதான் வினை வந்தது. “பாவம் அந்தப் பிள்ளை, தகப்பன் இல்லாமல் எப்பிடிக் கரைசேரப் போகுதோ” என்று அக்கா மூக்கைச் சிந்தினா. றேமண்டின் மனைவி மாக்ரெட் திகைத்துப்போய், “ஆர், அந்தக் கள்ளியோ? கிழவனுக்கு நஞ்சு வைச்சு வீட்டை எழுதி வாங்கப் பாக்கிறாள். இவர் தொடக்கத்திலேயே சொல்லிப்போட்டார்” என்றா. றேமண்ட் என்னைப் பார்த்தார். நான் றேமண்டைப் பார்த்தேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, சத்தம் கூடியது, சம்பந்தம் அந்தச் சோடாக்கடை வாசலிலேயே முறியப் பார்த்தது. கடைசியில் றேமண்ட், “பிள்ளை கொன்வென்றில வெள்ளைக்காரச் சிஸ்டர்மாரிட்டப் படிச்சவள்தானே, அவளே சொல்லட்டும்” என்றார். மெற்றில்டா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “மாமா சொன்னதுதான் சரி” என்றாள்.

பெற்று வளர்த்த தகப்பனை, அத்தனை பேருக்கு முன்னால்! நெஞ்சு வலித்தது மச்சான், உமக்கு ஏன் மறைப்பான். றேமண்டுக்கோ முகம் முழுக்கப் பல். “இந்தப் பிள்ளைதான் எங்கட வீட்டு மருமகள்” என்று என் கையைப் பிடித்துவிட்டார். வருகிற மாதம் கலியாணம். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டேன். “அப்பா, அந்தப் பொம்பிளை மகளுமில்லை, கள்ளியுமில்லை, டொக்டர். கிழவருக்கு ஒரு நோய் வருத்தமுமில்லை, வேலைக்குப் போகப் பஞ்சியில நோயாளி மாதிரி நடிச்சுப் படுத்துக் கிடக்கிறார்” என்றாள். அப்படியென்றால் றேமண்ட் சொன்னது சரி என்று ஏன் சொன்னாய் என்றேன். “நீங்கள் தோத்தால் வீட்ட வந்து சோறு தின்னுவியள். அவர் தோத்தால் கலியாணம் நிண்டுபோம்” என்றாள். கெட்டிக்காரி, என் மகள்தானே. ஆனாலும் நான் கதை சொல்லியிராவிட்டால் சண்டை வந்திராது, சண்டை வந்திராவிட்டால் றேமண்டின் மனம் இளகியிராது. அந்தப் பொம்பிளை டொக்டர் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. சிஸ்டர்மாரின் இங்கிலீஷ் கோயிலுக்குச் சரி, லண்டனுக்குப் போதாது.

உமக்கும் உமது வீட்டாருக்கும் எங்கள் ஆசி. மலைக்குளிரிலிருந்தும் துரைமாரின் கோபத்திலிருந்தும் மாதா உம்மைக் காப்பாளாக.

இங்ஙனம்,
இங்கிலீஷ் விஷயத்தில் எவருக்கும் பின்நிற்காத,
பற்றிக்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் பார்த்து றேமண்ட் வந்துபோனார். மாப்பிள்ளையின் கொம்பனித் துரை கலியாணத்துக்கு வருகிறாராம், சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்தானாம். விருந்து முடியும்வரை அவர் பக்கத்தில் இருந்து கதைக்கிற மரியாதையை றேமண்ட் பெருந்தன்மையோடு எனக்கே விட்டுத் தந்திருக்கிறார். மச்சான், நீர் அந்த ஆட்களோடு தோட்டத்தில் பழகியவர். ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் முந்தியே றெயில் ஏறும். என் கதிரைக்குப் பின்னால் இரும். நீர் வாயே திறக்க வேண்டாம், சிரிக்கிற இடத்தில் மட்டும் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.