கண் வெளுத்துவிட்டது, மாப்பிள்ளை

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிகாரம் ரிப்பேர் செய்யும் உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அந்த நலத்தில் என் வலது கண்ணையும் சேர்க்கலாமா என்பதுதான் வழக்கு. அங்கே நீங்களும் என் மகளும், பிறந்து பன்னிரண்டு நாளாகியும் நான் நேரில் பார்க்காத என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "கண்ணு வெளுக்கிற வரைக்கும் அப்பா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மகள் உத்தரவு போட்டிருக்கிறாள். நீங்கள்தான் பேசி அதை நீக்கித் தர வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பேத்தி பிறந்த சேதி வந்தபோது கடையில் இருந்தேன். எதிரே ஒரு வாடிக்கையாளர், கண் இரண்டும் தக்காளிப் பழம். "சக்கரம் தேஞ்சிருக்குங்க" என்றேன். "எங்க, காட்டுங்க பாப்போம்" என்றார். இருந்த சந்தோஷத்தில் என் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி அவர் கண்ணில் மாட்டிவிட்டேன். அவரும் நிதானமாகப் பார்த்து, "ஆமா, தேஞ்சுதான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பித் தந்தார், நான் துடைக்காமல் மாட்டிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷத் தொழிலில் சக்கரத்தைக் காட்டு என்று ஒருத்தரும் கேட்டதில்லை, இந்த மகராசன் கேட்டார் பாருங்கள்! இரண்டாம் நாள் காலையில் இமை பசை போட்டு ஒட்டின மாதிரி திறக்கவில்லை, திறந்தால் ரத்தச் சிவப்பு.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்க்கடை முடிதிருத்துபவர் வேறு பயமுறுத்திவிட்டார். அதனால்தான் நீங்கள் வீடியோ காலில் குழந்தையைக் காட்டியபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதுகைக் காட்டிப் பேசினேன். பொண்ணு பிறந்ததில் மாமாவுக்குக் கோபம் என்று நினைத்தீர்களாமே! ஐயோ, கோபமெல்லாம் இல்லை மாப்பிள்ளை, போன் வழியாகப் பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்கிற பயம்தான்.

அப்புறம் ஆரம்பித்தது ஆளுக்கொரு வைத்தியம். முடிதிருத்துபவர் ரோஸ் வாட்டர் விடச் சொன்னார், விட்டேன், சவரம் செய்த வாசனைதான் மிச்சம். பக்கத்துத் தையல்காரர் தேன் ஒரு சொட்டு என்றார். விட்டுவிட்டு அப்படியே கண்ணயர்ந்தேன், எழுந்து பார்த்தால் மேஜையிலிருந்து என் மூக்கு வரை எறும்பு வரிசை. மாடி வீட்டம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைக்கச் சொன்னார், வைத்தேன், எடுத்துத் தட்டில் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டில் வறுவல் பிரமாதம் என்று உங்கள் அத்தையைப் பாராட்டிய பிறகுதான் அது எந்த உருளைக்கிழங்கு என்று தெரிந்தது. மாடி வீட்டம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போயிருக்கிறது, சொல்லிவிடாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் ஒன்றுதான் இதமாக இருந்தது. அலமாரியில் வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டு ஒன்று பூ மாதிரி மெத்தென்று கிடைத்தது, அதை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டேன், காய்ந்ததும் எடுத்த இடத்திலேயே மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். "தேனை வாயில போடுங்க, உருளைக்கிழங்கைச் சட்டியில போடுங்க, கண்ணுல ஒண்ணும் போடாதீங்க! ஆறவச்ச வெந்நீர்ல சுத்தமான பஞ்சை நனைச்சுத் துடைங்க, கையைக் கழுவுங்க, துண்டைத் தனியா வைங்க. பாத்தா ஒட்டாது, தொட்டாத்தான் ஒட்டும்" என்றார். சொன்னபடி செய்தேன், நேற்றுக் காலை கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது.

ஊருக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது நீங்கள் அனுப்பிய படம் வந்தது. உங்கள் கையில் குழந்தை. மாப்பிள்ளை, மூக்கு அப்படியே என் மூக்கு! அழுதேன், வெட்கமென்ன, சட்டையில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றபடி அழுதேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்தாள், உடனே மகளுக்குப் போன். "மறுபடியும் செவந்துடுச்சுடி!" உத்தரவு நீடித்துவிட்டது. இது வேற சிவப்பு மாப்பிள்ளை. அவளுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பேத்தி நூறு வயசு கண்ணுக்குக் கண்ணாக இருக்கட்டும். உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் வராமலிருக்கட்டும். போன வாரம் அனுப்பிய துணிப் பார்சல் வந்து சேர்ந்ததா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
கண் வெளுத்த மாமனார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு தரம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உங்கள் இடது தோளில் மஞ்சள் துண்டு. மூன்றாவது வாத்தின் அலகில் தேன் கறை. பார்சலில் வந்ததா? அத்தை துவைத்தாளா என்று கேட்டேன், "புதுத் துண்டை எதுக்குத் துவைக்கணும்?" என்கிறாள். நல்லவேளை, குழந்தை வலது தோளில் சாய்ந்திருக்கிறது. உடனே கண்ணாடி முன்னால் போய் நின்று பாருங்கள். சிவந்திருந்தால் பிள்ளையை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து இங்கே வந்துவிடுங்கள். வீட்டில் லென்ஸ் இரண்டு இருக்கிறது, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.