கடவுளுக்கு எழுதிய அட்டை

அன்புள்ள வக்கீல் தம்பிக்கு, அக்கா ஆசியுடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானின் இருமலும் சௌக்கியமாகவே இருக்கிறது. அங்கும் இருமல் நீங்கலாக மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பஸ் நிறுத்தத்தில் தொப்பிக்காரர் என்று ஒருவர் தொப்பியை முன்னால் கவிழ்த்து வைத்துப் பிச்சை கேட்டு உட்கார்ந்திருப்பார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பெயிண்டர். தெருவில் போகிறவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் ஆறு மாதம் காப்பகம் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. காப்பகம் என்றால் பூட்டு வெளிப்பக்கம். மனிதர் பயந்துபோய் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். நான் நூலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்து, வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன், தெருவில் போகிறவர்களிடம்தான் கேட்கக் கூடாது, மற்றபடி மனதில் பட்டதைச் சொல்லவும் எழுதவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆகவே உன் அத்தானின் செருப்புப் பெட்டியைக் கிழித்து, 'கடவுளே, இவருக்கு மதியச் சாப்பாடு கொடு' என்று பெரிதாக எழுதி அவர் மடியில் வைத்தேன், மறுநாளே போலீஸ்காரர் வந்து நிற்கிறார்.

"யாரும்மா இதை எழுதுனது?"

"நான்தாங்க. உங்களை ஒண்ணும் கேக்கலையே. யாருக்கு எழுதியிருக்குன்னு பாருங்க."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடவுள் இந்தத் தெருவுல போறவரா இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க."

இல்லை என்றால் பாவம், ஆமாம் என்றால் குற்றம். தினமும் இரண்டு வேளை பிரார்த்தனை செய்கிறவள் என்ன சொல்வேன்?

"சரி, கோர்ட்டுல வந்து சொல்லுங்க" என்று தொப்பிக்காரரை வண்டியில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை விசாரணை, நான்தான் சாட்சி. நான் வாய் தவறினால் அவர் ஆறு மாதம் உள்ளே. நீ வந்து பேச்சுரிமை பற்றி இரண்டு வார்த்தை பேசு. ஃபீஸ் எதிர்பார்க்காதே.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ,
அக்கா

பி.கு.: உன் அத்தான் தபால்தலை வாங்கி வர சனிக்கிழமை ஆகிவிட்டது. விசாரணை முடிந்தது. "கடவுள் தெருவுல போறவர் இல்லீங்க, தெருவே அவரோடதுதான்" என்றேன். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, தொப்பிக்காரரை அட்டையோடு விடுதலை செய்தார். ஆகவே நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தொப்பிக்காரர் இன்று காலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. படிக்கிறவங்க எல்லாம் 'கடவுள் கொடுப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. மூணு நாளா வயிறு காயுது. என் வாயாலயே கேட்டுக்கிறேன்" என்றார். கேட்கவும் தொடங்கிவிட்டார். முதலில் கேட்டது அந்தப் போலீஸ்காரரைத்தான். உடனே புறப்பட்டு வா.